நடுவில் ஒரு நட்டு

அந்தத் தொழிற்சாலையில் செய்யும் காரை அந்த ஊரில் ஒருவரும் ஓட்டியதில்லை. ஸ்டியரிங் ஊர்ச் சாலைக்குத் தோதில்லாத பக்கத்தில் இருக்கும். கார் தயாரானதும் லாரியில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கப்பலில் அடுக்கி அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் எந்த நாட்டுக்குப் போகிறது என்று வாசலில் பெட்டிக்கடை வைத்திருப்பவர் ஒருநாள் யதார்த்தமாகக் கேட்டுவைத்தார். அன்றிலிருந்து அவர் பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன.

இரண்டு எதற்கு என்றால், தொழிற்சாலையை நடத்துவது இரண்டு கம்பெனிகள். உள்ளூர்க் கம்பெனிக்கு நீலச் சட்டை, வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சாம்பல் சட்டை. வாசல் பலகையில் ‘கூட்டுத் தொழில்’ என்று போட்டிருந்தது. கூட்டு என்றதும் நீங்களும் நானும் சேர்ந்து கட்டிலை மாடிக்குத் தூக்குவது மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. தன் வித்தையை மற்றவன் திருடிவிடுவான் என்று இரண்டு பேருக்கும் நடுக்கம். எனவே காரை நீளவாக்கில் பங்கு போட்டுக்கொண்டார்கள். இடது பாதி நீலத்தின் ரகசியம், வலது பாதி சாம்பலின் ரகசியம். கார்கள் நகர்ந்து வரும் வரிசையின் நடுவே கூரையிலிருந்து கனத்த திரை ஒன்று தொங்கியது. அதன் கீழ்நுனி ஒவ்வொரு காரின் முதுகையும் தடவிக்கொண்டே இருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் தும்மல் சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் நேரம் குறித்துக்கொள்வார்கள்.

சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றுக்கொன்று நான்கு நிமிட வித்தியாசம். சாப்பாட்டு மணி இரண்டு தடவை அடிக்கும். ‘நம்பிக்கையே நம் அடித்தளம்’ என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகைக்கு மேலே நீலம் ஒரு கேமரா வைத்திருந்தது. அந்தக் கேமராவைப் பார்த்தபடி சாம்பல் ஒரு கேமரா வைத்திருந்தது.

வரிசையின் கோடியில், திரை முடியும் இடத்தில் நின்றவருக்குக் ‘கடைசி’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதையும் தப்பாகத்தான் அடித்திருக்கிறார்கள். இரண்டு கம்பெனியும் சேர்ந்து வேலைக்கு வைத்த ஒரே ஆள் அவர். ஆகையால் அவர் சட்டையில் ஒரு கை நீலம், மறு கை சாம்பல். முடிந்த காருக்குப் பிரேக் எண்ணெய் ஊற்றி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சரி என்று எழுதி வெளியே விடுவது அவர் வேலை. தொழிற்சாலையில் ஒரு காரை முழுசாகப் பார்க்க அனுமதி உள்ளவர் அவர் மட்டும்தான். அதனாலேயே இரண்டு பக்கமும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைமை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே கடைசி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போனது. கீழே படுத்துப் பார்த்தார். பிரேக் எண்ணெய் போகும் குழாய் இடதிலிருந்து கிளம்பி வலது சக்கரத்துக்குப் போக வேண்டும். இடது பாதிக் குழாயை நீலம் மாட்டியிருந்தது, வலது பாதியைச் சாம்பல் மாட்டியிருந்தது. இரண்டும் சந்திக்கும் நட்டு, காரின் சரிநடுவில், கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்ட நிலையிலேயே தொங்கியது. அதிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

நீலத்து மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார்.

“நம்ம பக்கம் சரியா இருக்குல்ல?”

“அது சரியா இருக்கு சார். நடுவுலதான்...”

“நடு நம்மளுது இல்ல.”

சாம்பல் மேற்பார்வையாளரிடம் போனார். அவரும் அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. ஒப்பந்தத்தில் பதினான்காவது இணைப்பில், ‘நடுக்கோட்டில் அமையும் பாகங்கள் குறித்துப் பின்னர் பேசித் தீர்மானிக்கப்படும்’ என்று இருந்தது. அதைப் பேச மூன்று குழுக்கள் போட்டார்கள். நட்டை இறுக்குகிறவன்தான் நாளைக்கு ஒழுகினால் பொறுப்பு என்பதால் மூன்று குழுவும் டீ குடித்துவிட்டுக் கலைந்தன. பரிசோதனைத் தாளிலும் ‘இடது’, ‘வலது’ என்று இரண்டு கட்டங்கள்தான். நடுவுக்குக் கட்டம் கிடையாது.

கடைசி யோசித்தார். மறுநாள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வீட்டிலிருந்த பதினொன்றாம் நம்பர் ஸ்பானரைப் போட்டு எடுத்து வந்தார். காருக்கு அடியில் படுத்தார், நட்டை இறுக்கினார், எண்ணெய் ஊற்றினார், மிதித்தார். பிரேக் பிடித்தது. ஒரு நாளைக்கு நாற்பது கார், இரண்டு வருடம். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பல்லாயிரம் கார்கள் கடலுக்கு அப்பால் நின்றும் ஓடியும் கொண்டிருந்தன. இரண்டு கம்பெனியும் தத்தம் பாதியின் தரத்துக்காக ஆளுக்கொரு கேடயம் வாங்கி மாட்டிக்கொண்டன.

அப்போதுதான் சாம்பல்காரர்கள் திருடுகிறார்களோ என்று நீலம் வாசலில் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை நிறுத்தியது. உடனே சாம்பல் அதைவிடப் பெரிதாக ஒன்றை நிறுத்தியது. கடைசியின் சாப்பாட்டு டப்பா தாண்டும்போது இரண்டு கருவியும் கத்தின. இரண்டு காவலாளிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள், நீலக் கையைச் சாம்பல்காரர், சாம்பல் கையை நீலக்காரர்.

விசாரணை கூட்ட அறையில் நடந்தது. மேசையின் ஒரு பக்கம் நீலத்து மேலாளர், கனத்த மனிதர், பேசும்போது பேனா மூடியைத் திறந்து மூடுவார். எதிரில் சாம்பல் மேலாளர், ஒல்லி. மூன்று வருடமாக இங்கே இருந்து நம் மொழியை நன்றாகப் பேசுவார். அவர் முதலில் கற்றுக்கொண்ட சொல் ‘யாரு’, அடுத்தது ‘எப்போ’. மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்பானர். பெட்டிக்கு இரண்டு பூட்டு.

“இது எங்க கருவிப் பட்டியல்ல இல்ல,” என்றார் நீலத்து மேலாளர்.

“எங்க பட்டியல்லயும் இல்ல,” என்றார் சாம்பல் மேலாளர்.

இருவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றாகக் கடைசியைப் பார்த்தார்கள். கூட்டுத் தொழில் தொடங்கியபின் இருவரும் ஒரே திசையில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அப்போ மூணாவது கம்பெனி எது?” என்றார் நீலத்து மேலாளர்.

“மூணாவது எதுவும் இல்ல சார். இது என் வீட்டு ஸ்பானர்.”

“இதுல பதினொண்ணுன்னு பொறிச்சிருக்கு. மீதிப் பத்துப் பேர் யாரு?” என்றார் சாம்பல் மேலாளர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அது நட்டின் அளவு என்று கடைசி விளக்கினார். அளவு என்று சொல்லத்தான் பயிற்சி கொடுத்திருப்பார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் நடு நட்டைப் பற்றி முழுக்கச் சொன்னார்.

“இறுக்கச் சொல்லி உனக்கு யாரு உத்தரவு குடுத்தா?” என்றார் நீலத்து மேலாளர்.

“யாரும் குடுக்கல சார்.”

“உத்தரவு இல்லாம ரெண்டு வருஷமா பிரேக் பிடிக்க வச்சிருக்கே.”

“பிரேக் வேணுமே சார், காருக்கு.”

சாம்பல் மேலாளர் கையைக் கோத்துக்கொண்டு பொறுமையாகப் பேசினார். “பிரேக் ஒரு சாமான். கெட்டுப்போனா மாத்திக்கலாம். ஒப்பந்தம் ஒரு உறவு. பேசித் தீர்க்காத இடத்தை நீ கை வச்சுத் தீர்த்துட்டே. நாளைக்கு நாங்க எதைப் பேசறது?”

சட்ட ஆலோசகர் ஒருவர் இருந்தார், இரண்டு பக்கமும் நம்பாததால் வாசலருகே உட்கார்ந்திருந்தார். இதுவரை போன கார்களையெல்லாம் திரும்ப வரவழைத்து, அனுமதியின்றி இறுக்கிய நட்டுகளைத் தளர்த்தி, ஒப்பந்த நிலைக்குக் கொண்டுவரலாம் என்று அவர் யோசனை சொன்னார். இருவரும் அதைக் கவனமாகப் பரிசீலித்தார்கள். தளர்த்துவது யார் என்ற கேள்வி வந்ததால் கைவிட்டார்கள்.

கடைசியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவர் இடத்தில் ஒரு நீலமும் ஒரு சாம்பலுமாக இரண்டு பேரைப் போட்டார்கள். ஒருவன் ஓட்ட மற்றவன் அனுமதிக்காததால் காரை ஓட்டிப் பார்ப்பது நின்றது. இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, தத்தம் கட்டத்தில் ‘சரி’ என்று எழுதினார்கள். ஐந்து நாளில் இருநூறு கார்கள் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

வீட்டில் கடைசியின் மனைவி ஜன்னல் ஓரமாகத் தையல் மிஷினில் பள்ளிச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாகப் புருஷன் பகலில் வீட்டில் இருந்தும் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் மிஷினை நிறுத்தினாள்.

“அந்த இருநூறு காரையும் கப்பல்ல ஏத்தறது யாருன்னு நினைச்சுப் பாத்தீங்களா?”

நினைத்துப் பார்த்திருந்தார். அதனால்தான் ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஏற்றுவது அவள் தம்பி. துறைமுகத்தில் டிரைவர். சரிவுப் பலகையில் காரை மேலே ஏற்றி, அந்தப் பக்கம் கப்பலின் வயிற்றுக்குள் மூன்று தளம் கீழே இறக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் எதிரே இரும்புச் சுவர். போன மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது.

மைத்துனனுக்குப் போன் போட்டார்.

“டேய், அந்தக் காரைத் தொடாதே. பிரேக் இல்ல.”

“என்ன மாமா சொல்றீங்க? பேப்பர்ல ரெண்டு ‘சரி’ போட்டிருக்கே.”

“அந்த ரெண்டுக்கும் நடுவுலதான்டா இல்ல.”

“எழுத்துல குடுங்க மாமா, மேஸ்திரிகிட்ட காட்டறேன். வாய்ல சொன்னா, உனக்கு பதிலா வேற ஆள் ஏத்துவான்னு சொல்லிடுவாரு. அந்த வேற ஆளுக்கும் வீட்ல புள்ள இருக்கும்ல?”

எழுதிக் கொடுக்கக் கடைசிக்கு இப்போது பதவி இல்லை. பதவி இருந்தாலும் எழுதக் கட்டம் இல்லை. அக்கா போனை வாங்கி, “ஜாக்கிரதைடா,” என்று மட்டும் சொன்னாள். பிறகு மிஷினை ஓட்டினாள். ஒரு சட்டைக்கு மூன்று கை தைத்துவிட்டுப் பிரித்தாள்.

மறுநாள் கடைசி தொழிற்சாலைக்குப் போய் வாசலிலேயே நின்றார். பிரேக் இல்லாத இருநூறு கார் கப்பலேறப் போகிறது என்று இரண்டு மேலாளர்களிடமும் சொல்லியனுப்பினார். இருவரும் அதைக் கேட்டதும் ஏன் வெளுத்துப்போனார்கள் என்று காவலாளிகளுக்குப் புரியவில்லை. காரணம் இதுதான். வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் விழா. இத்தனை வருடக் கூட்டணியைக் கொண்டாட, முதல் காரில் இரண்டு மேலாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து கப்பலுக்குள் போக வேண்டும் என்று ஏற்பாடு. கேமராக்களும் வருகின்றன. அந்த நட்டைத் தன் ஆட்கள் இறுக்கவில்லை என்பது ஒவ்வொருவருக்கும் நிச்சயமாகத் தெரியும். எதிராளி இறுக்கியிருப்பான் என்று நம்பவோ ஒருவருக்கும் மனசு வரவில்லை.

முதலில் நீலத்து மேலாளர் கடைசியை ஸ்டேஷனரி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். காகிதக் கட்டுகளுக்கு நடுவே நின்று மெதுவாகப் பேசினார்.

“உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. அதை யார்கிட்டயும் சொல்லிடாதே.”

“சரிங்க சார்.”

“வெள்ளிக்கிழமை நான் உக்கார்ற காரை மட்டும் இறுக்கிடு.”

“மத்ததெல்லாம்?”

“மத்ததுல நான் உக்காரலியே.”

கடைசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கோபப்பட்டுப் பழகாத மனிதர், அதனால் கேள்விதான் வந்தது.

“எந்தக் காரு சார்?”

“அது ரகசியம். முன்னாடியே தெரிஞ்சா அவங்க அதுல ஒட்டுக்கேக்கற கருவி வச்சுடுவாங்க. அன்னைக்கு அங்கயே சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கப்போறோம்.”

“ரகசியம் யாருக்கு சார்?”

“எல்லாருக்கும். எனக்கும்தான்.”

கடைசி தலையைச் சொறிந்தார். தந்திரமாகச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை, கணக்குத்தான் அப்படி வந்தது. “அப்போ இருநூறையும் இறுக்கினாத்தானே சார், நீங்க உக்கார்றதும் அதுல வரும்?”

நீலத்து மேலாளர் பேனா மூடியை நாலு தடவை திறந்து மூடினார். “இறுக்கு. ஆனா சாம்பலுக்குத் தெரியக் கூடாது.”

அரை மணி நேரம் கழித்துச் சாம்பல் மேலாளர் பின்படிக்கட்டில் கடைசியைப் பிடித்தார். அங்கேயும் இதே பேச்சு, இதே ரகசியம், இதே முடிவு. “நீலத்துக்குத் தெரிஞ்சா நாங்க பயந்துட்டோம்னு நினைப்பாங்க,” என்றார். இருவரும் ஆளுக்கொரு துறைமுக அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றில் ‘இருக்கை துடைக்க’ என்றும் மற்றதில் ‘கண்ணாடி துடைக்க’ என்றும் இருந்தது. ஸ்பானரைத் தர மட்டும் வழியில்லை, பெட்டிக்கு இரண்டு பூட்டு. கடைசி தெருமுனை இரும்புக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார்.

புதன், வியாழன் இரண்டு பகலும் துறைமுக வெயிலில் மாமனும் மைத்துனனும் வேலை செய்தார்கள். கடைசி அடியில் படுத்து நட்டை இறுக்குவார், எண்ணெய் ஊற்றுவார். மைத்துனன் உள்ளே உட்கார்ந்து, குழாயில் இருக்கும் காற்று போகிறவரை பிரேக்கை மிதித்து மிதித்து விடுவான்.

நூற்றுப் பதினேழாவது காரில் அவன் தலையை வெளியே நீட்டினான். “மாமா, இதை ரெண்டு வருஷமா நீங்க தனியாவா செஞ்சீங்க?”

“நாற்பதுதானடா ஒரு நாளைக்கு.”

“அப்போ நான் இவ்ளோ நாளா உங்க கைலதான் கீழ இறங்கியிருக்கேன்.” அதைச் சொல்லிவிட்டு அவன் மறுபடி மிதித்தான். அடியில் படுத்திருந்தவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலக் கையா சாம்பல் கையா என்று கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விழா மேடை. நீலத்து மேலாளர் முதலில் பேசினார்.

“எங்கள் கூட்டாளிமீது எங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையால்தான் எங்கள் கண்ணை அவர்மீதிருந்து ஒரு நொடிகூட எடுப்பதில்லை. இந்தக் காரில் எங்கள் பங்கு எது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். எது எங்கள் பங்கு இல்லை என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.”

பலத்த கைதட்டல். அடுத்துச் சாம்பல் மேலாளர்.

“நாங்கள் இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுக்க வந்தோம். கற்றுக்கொடுத்ததை யாரும் கற்றுக்கொண்டுவிடாதபடி பார்த்தும் கொண்டோம். நீங்களும் உங்கள் வித்தையை எங்களுக்குக் காட்டவில்லை. இப்படி இரு தரப்பும் சமமாக வளர்வதுதான் உண்மையான கூட்டு.”

அதற்கும் கைதட்டினார்கள். சீட்டுக் குலுக்கினார்கள். நூற்று நாற்பத்தொன்றாம் கார் வந்தது. கதவருகே இருவரும் நின்று, “நீங்க முதல்ல ஏறுங்க,” “இல்ல இல்ல, நீங்க விருந்தாளி,” “நீங்கதானே வீட்டுக்காரர்,” என்று பத்து நிமிடம் உபசரித்துக்கொண்டார்கள். என்ன மரியாதை, என்ன பண்பு என்று நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஆளுக்கொரு கதவு வழியாக, ஒரே நேரத்தில், மூன்று எண்ணி ஏறினார்கள்.

மைத்துனன் காரைச் சரிவுப் பலகையில் ஏற்றினான். உச்சிக்குப் போய், மூக்கு கீழே சாய்ந்து, கப்பலின் இருட்டு வயிறு எதிரே தெரிந்த இடத்தில் அழுத்தி மிதித்தான். கார் அப்படியே நின்றது. பின்சீட்டில் இருவரும் கதவுப் பிடியில் கை வைத்தபடி, எந்த நொடியும் குதிக்கத் தயாராக இருந்தார்கள். முதலில் மூச்சு விட்டது நீலம்.

“எங்க பக்கம் நல்லா பிடிக்குது,” என்றார்.

“எங்க பக்கமும்,” என்றார் சாம்பல்.

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் சாம்பல் மேலாளர் திரும்பிவந்ததும் மைக்கைப் பிடித்துவிட்டார். இனி ஒவ்வொரு கப்பலுக்கும், சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு காரில், இரு மேலாளர்களும் இப்படியே போவார்கள் என்று அறிவித்தார். கூட்டம் ஆரவாரித்தது. நீலத்து மேலாளரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அறிவித்து முடித்தவுடனேயே சாம்பலுக்கும் முகம் சுருங்கிப்போனது, ஆனால் கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை விசாரணை அறிக்கை வந்தது. கடைசியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்கள். ‘விழாவில் பிரேக் பிடித்தது கண்கூடு. நடு நட்டை எவரும் இறுக்கியதாகப் பதிவு இல்லை. ஆகவே இறுக்காமலேயே பிரேக் பிடிக்கும் என்பது நிரூபணமாகிறது. ஆகவே தாம் இறுக்கியதாக ஊழியர் சொன்னது பொய். பொய் சொன்ன குற்றத்துக்காகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார்.’ அடியில் நீலமும் சாம்பலும் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தார்கள். பழைய ஸ்பானர் எந்தப் பட்டியலிலும் இல்லாததால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று மாலையே, அடுத்த கப்பலை நினைத்து, இரண்டு மேலாளர்களும் தனித்தனியாக அவருக்கு ஆளனுப்பினார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், டப்பாவைச் சோதிக்காமல் உள்ளே விடும் தினசரிப் பார்வையாளர் சீட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அடுத்த கப்பலில் தான் உட்காரப்போவது இன்றைக்குச் செய்யும் காரா நாளைக்குச் செய்யும் காரா என்று யாருக்குத் தெரியும்? ஆகையால் தினமும் நாற்பதையும் இறுக்கியாக வேண்டும். சம்பளம் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக, வேறு வேறு பெயரில் வரும் என்றார்கள்.

செவ்வாய் காலை கடைசி கிளம்பினார். இருநிறச் சட்டையைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டதால் சாதாரண வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏங்க, இப்ப உங்களுக்கு வேலை இருக்கா, இல்லியா?”

“தெரியல,” என்றார் அவர். “பிரேக் இருக்கு.”

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்தாள். தூக்கிப் பார்த்தபோது வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அடித்தட்டைத் திறந்து பார்த்தார். தையல் துணியில் சுற்றிப் பழைய ஸ்பானர், அதன் பக்கத்தில் புதிய ஸ்பானர்.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணைப் பிடுங்கிக்கிட்டாங்கன்னா?” என்றாள். “அங்க ஒருத்தரையும் நம்ப முடியாது. இன்னைக்குச் செய்யற காரையும் என் தம்பிதான் கப்பல்ல இறக்கணும்.”